சிலுவையிட்ட கதவு

டானியல் டீஃபோ என்றதும் நம்மில் பலருக்கு ராபின்ஸன் க்ரூஸோதான் நினைவுக்கு வருவான். 1722-ல் அவர் எழுதிய 'பிளேக் வருஷத்து நாட்குறிப்பு' என்ற நாவலைப் படித்தவர்கள் குறைவு. 1665-ல் லண்டனைச் சூறையாடிய பிளேக்கை நேரில் கண்ட ஒருவன் சொல்வதாக அது அமைந்திருக்கிறது. அந்த வருஷத்தில் டீஃபோவுக்குச் சுமார் ஐந்து வயசு. ஆகவே இது கற்பனைதான். ஆனால் தஸ்தாவேஜுகளைக் கரைத்துக் குடித்தவரின் கற்பனை.

நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சட்டம். ஒருவருக்கு நோய் கண்டால் அந்த வீட்டையே பூட்டிவிட வேண்டும். கதவில் ஓரடி நீளச் சிவப்புச் சிலுவை. பகலுக்கு ஒரு காவல்காரன், இரவுக்கு ஒருவன். நோயாளியோடு நோயில்லாதவர்களும் உள்ளே அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? காவல்காரனைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஓடினார்கள். லஞ்சம் கொடுத்தார்கள். வெடிமருந்து வைத்துக் காவல்காரனைப் பொசுக்கியவர்களும் உண்டு. ஓடியவர்கள் போன இடமெல்லாம் நோயும் கூடப் போயிற்று. இந்தச் சட்டத்தால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்கிறான் கதை சொல்பவன்.

சுதந்திரத்தின் கட்சி ஜயித்துவிட்டது என்று இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. வேண்டியதைச் சேமித்துக்கொண்டு தாமாகவே கதவடைத்திருந்த குடும்பங்களை அவனே மெச்சுகிறான். லண்டனை விட்டுக் கிளம்பும் மூன்று ஏழைகளை ஓர் ஊரார் எல்லையில் மறிக்கிறார்கள். பாதை எல்லோருக்கும் பொது என்பது இவர்கள் வாதம். எங்கள் உயிர் எங்களுக்குப் பெரிது என்பது அவர்கள் வாதம். இரண்டும் நியாயமாகவே படுகின்றன. கடைசியில் பாதி பயத்தோடு ரொட்டியும் இறைச்சியும் கொடுத்து அவர்களை அனுப்பி வைக்கிறார்கள்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறோர் இடம். கதை சொல்பவனையே வீடுகளைச் சோதிக்கும் வேலையில் போடுகிறார்கள். 2 மாதம் பார்க்கவேண்டிய வேலை. 3 வாரத்துக்குள் இன்னொருவனுக்குப் பணம் கொடுத்து அவன் தலையில் கட்டிவிட்டு விலகிக்கொள்கிறான். அதை மறைக்காமல் சொல்லியும் விடுகிறான். கையில் காசு இருந்தது. ஆபத்து கை மாறிற்று. சுதந்திரம் என்று நாம் பேசுவதில் பாதி இதுதானோ என்று தோன்றுகிறது.

கீழ்ப்படிதல் மட்டும் என்ன உசத்தி? 2020-ல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு யார் பால் வாங்கிக் கொடுப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. தகரத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு விதியையும் மீறாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து டீஃபோவைப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பால் கொண்டுவந்த பையன் மட்டும் தினமும் விடியற்காலையில் வெளியே அலைந்துகொண்டிருந்தான்.