நடுங்கும் அடிமை

'எ ஃபன்னி திங் ஹாப்பண்ட் ஆன் தி வே டு தி ஃபோரம்' 1962இல் நியூயார்க்கில் மேடையேறி, 1966இல் படமான இசை நாடகம். ரோமாபுரியில் விடுதலைக்காகப் புளுகும் அடிமை சூடோலஸைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கென்னவோ ஹிஸ்டீரியத்தைத்தான் பிடிக்கிறது. அடிமைகளுக்குத் தலைவன் அவன். அதில் பெருமை வேறு! பிணமாக நடிக்க அவனுக்கு மணப்பெண் வேஷம் போடுகிறார்கள். நடுங்குகிறவன், 'அழகு' என்று பாடியதும் நம்பிவிடுகிறான்.

இரண்டிலும் அவனாக வந்தவர் ஜாக் கில்ஃபர்ட். 1950களில் அரசியல் சந்தேகத்தால் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். நாடகத்தைச் செப்பனிட வந்த ஜெரோம் ராபின்ஸோ, 1953இல் விசாரணைக் குழுவிடம் கில்ஃபர்டின் மனைவி பெயரையும் சொன்னவர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த நடுக்கத்தை வெறும் கோமாளித்தனமாக என்னால் பார்க்க முடியவில்லை. பதறிக்கொண்டே, தான் பதறவில்லை என்று அவன் பாடும் பாட்டைப் படத்தில் விட்டுவிட்டார்களே, அதுதான் எனக்கு வருத்தம்.