இறுக்கி இறுக்கி, இறுக்க இறுக்க

லாரிச் சக்கரத்தின் நட்டுகளை வட்டமாக வரிசையில் முறுக்கிக்கொண்டே போனால் சக்கரம் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். எதிரெதிரே இருப்பவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் சிறிதளவு முறுக்கி, சுற்று முடிந்ததும் முதல் நட்டுக்கே திரும்ப வேண்டும். தண்டலம் பக்கம் ஒரு பட்டறையில் இதைப் புதுப் பையனுக்குச் சொல்லித் தருகிற மூத்த ஃபிட்டர் இவ்வளவு நீட்டிப் பேசமாட்டார். “தம்பி, மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குப்பா” என்பார். “சரிண்ணே” என்று பையன் ஸ்பேனரை எடுப்பான்.

அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு இரட்டையிலும் ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘மாத்தி இறுக்கு’ என்றால் பழைய நட்டைக் கழற்றிப் புதியதைப் போடு என்று ஆகிறது. ‘கொஞ்சமா இறுக்கு’ என்றால் பாதி முறுக்கியதோடு விட்டுவிடு என்று ஆகிறது. அந்த லாரி நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. வேலையின் வரிசை முதல் இரட்டையில் இருக்கிறது, அளவு இரண்டாவதில் இருக்கிறது. வினைக்கு முன்னால் வரும் இரட்டைச் சொற்களை ரசிக்க நான் சொல்லும் முதல் வழி இதுதான்: ஒன்றை உருவிவிட்டு, பொருள் எங்கே போகிறது என்று பார்ப்பது. அழுத்தத்துக்காகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறோம் என்ற எண்ணம் இதிலேயே போய்விடும்.

இதைப் பழகத் தண்டலம் நல்ல இடம். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டைக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் தயாரிக்கத் தொடங்கியது. தெற்கே ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-ல் வந்தது, டெய்ம்லர் லாரிகள் 2012-ல், ராயல் என்ஃபீல்டு 2013-ல். சுவரில் ஒட்டியிருக்கும் வேலைமுறை ஆங்கிலத்தில் இருக்கும்; வாய்ப்பேச்சு தமிழில்; பக்கத்தில் நிற்பவருக்கு ஒடியாவோ இந்தியோ தாய்மொழி. ஒரே நட்டைப் பற்றி மூன்று மொழிகள் பேசுகின்றன.

ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் உள்ள இடம் நெடுங்காலமாகத் தகராறு உள்ள இடம். அங்கே செயலின் பெயருக்கு முன்னால் ‘டு’ நிற்கும். ‘ஸ்லோலி அண்ட் ஈவன்லி’ போன்ற இணை அந்த ‘டு’வுக்கு முன்னால் வருவதா, வினைக்குப் பின்னால் வருவதா, இரண்டுக்கும் நடுவில் நுழைவதா? நடுவில் நுழையக் கூடாது என்று 1864-ல் அறிஞர் ஹென்றி ஆல்ஃபர்டு எழுதினார். 1926-ல் அகராதியாளர் ஃபவ்லர், வாக்கியத்தைக் கோணலாக்கித்தான் அதைத் தவிர்க்க முடியுமென்றால் நுழைவதே மேல் என்று வாதாடினார். இணையின் நடுவில் ‘அண்ட்’ இல்லாமலும் ஆகாது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்பதால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. இணை எப்போதும் வினைக்கு முன்னால்தான், நடுவில் ஒட்டுச்சொல்லும் வேண்டாம். ஆனால் எவ்வளவு முன்னால் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. ‘மெல்ல மெல்ல ஜாக்கியை இறக்கு’ என்பது பொதுவான எச்சரிக்கை. ‘ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்கு’ என்னும்போது இரட்டை வினையை ஒட்டி நிற்கிறது. வேகத்தைக் கவனி என்று கைக்கே சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு இப்போது வருகிறேன். ‘இறுக்கி இறுக்கி’, ‘இறுக்க இறுக்க’ – இவற்றின் வித்தியாசம் ஒரே ஓர் உயிரெழுத்து. ‘இறுக்கி இறுக்கிக் கை வலிக்குது’ என்றால் அதே செயல் பல தடவை நடந்து முடிந்திருக்கிறது. இலக்கணம் இதைச் ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் என்கிறது. ‘இறுக்க இறுக்க போல்ட் நீளும்’ என்பது வேறு: ஒன்று கூடும்போதே இன்னொன்றும் கூடுகிறது, இரண்டும் சேர்ந்து நகர்கின்றன. இது ‘செய’ என்னும் வாய்பாடு. அந்த வாக்கியம் உண்மையும்கூட. முறுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவிசைதான் பாகங்களைப் பிடித்து வைக்கிறது. எல்லை மீறி முறுக்கினால் நீண்டது நீண்டதுதான், பிடிப்பு போய்விடும். இந்த இயற்பியலின் முதல் பாதி ‘இறுக்க இறுக்க’வில் அடங்கிவிடுகிறது.

இந்த ஜோடியை எங்கும் தேடிப் பிடிக்கலாம். ‘பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு’ என்றால் கவனம். ‘பார்க்கப் பார்க்க அழகு’ என்றால் பார்வை நீளும்போது அழகும் வளர்கிறது. ‘கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது’, ‘கேட்கக் கேட்க இனித்தது’. புது வண்டி வாங்கியவரிடம் மெக்கானிக் ‘ஓட ஓடச் சரியாயிடும் சார்’ என்பார். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்துவதற்கு ஆகும் நேரத்தை அவர் சொல்கிறார். ‘ஓடி ஓடி’ என்று சொன்னால் இஞ்சினுக்குக் களைப்பு வந்துவிடும்! எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘படிப்படியாக அதிகரித்தது’ என்று எழுதப் பேனா போகும்போது நிறுத்தி, ஒரு ‘செய’ இரட்டை அங்கே பொருந்துமா என்று பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும்.

ஒலிக்குறிப்புகளான இரட்டைக்கிளவிகளைப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்திருப்போம். பிரித்தால் பொருள் தராதவை என்று தொல்காப்பியம் சொல் அதிகாரத்தின் முதல் இயலிலேயே விதி சொல்கிறது. இதுவரை பார்த்த ‘இறுக்கி இறுக்கி’ போன்ற அடுக்குத்தொடர் மக்கள் இரட்டையரைப் போல, தனித்தனியே நடமாடக்கூடியது. இரட்டைக்கிளவி ஒரே காம்பில் பிறந்த இலை இரட்டையைப் போல, பிரித்தால் கிழியும் என்பது பழைய விளக்கம். இதைவிடத் துல்லியமாகச் சொல்ல என்னால் ஆகாது.

பட்டறையில் இவை நோய் கண்டறியும் சொற்கள். பேரிங் ‘கரகர’ன்னு கேட்டால் கிரீஸ் வற்றியிருக்கலாம். ‘லொடலொட’ன்னு ஆடினால் பொருத்தம் தளர்ந்திருக்கிறது. விளிம்பைத் தடவும்போது ‘சொரசொர’ன்னு பட்டால் பிசிறு போகவில்லை. ‘வழவழ’ன்னு இருந்தால் அடுத்த வேலைக்கு அனுப்பலாம். மெய்யெழுத்துகளைக் கவனியுங்கள். உலர்ந்து உராய்கிற இடத்தில் ர, ற வருகின்றன: கரகர, சொரசொர, நறநற, மொறுமொறு. வழுக்குகிற இடத்தில் ழ: வழவழ, கொழகொழ, மழமழ. நீரும் ஒளியும் உள்ள இடத்தில் ல, ள: சலசல, பளபள, தளதள. உயிரும் சும்மா இல்லை. ‘கலகல’ பெரிய சிரிப்பு, ‘கிலுகிலு’ குழந்தையின் கையில் இருப்பது. ‘கடகட’ என்பதை ‘குடுகுடு’ ஆக்கினால் ஓடுகிற உருவமே சிறுத்துவிடுகிறது. விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனால் வாயில் போட்டு உருட்டிப் பார்த்தால் காரணம் நாக்குக்கே புரியும். ஒற்றை சிலிண்டர் என்ஃபீல்டு நிதானமாக இயங்கும்போது ‘தடதட’வுக்குப் பதிலாக ‘கிடுகிடு’ என்று யாரும் சொல்லாததற்கும் அதுவே காரணம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை முறை அடுக்கலாம் என்பதற்கும் தொல்காப்பியம் வரம்பு வைத்திருக்கிறது: விரைவைக் காட்டும் சொல்லுக்கு மூன்று. தலைக்கு மேலே கிரேன் வரும்போது ‘நகரு நகரு நகரு’ என்று கத்துகிறவர் எந்த நூற்பாவையும் நினைப்பதில்லை. ஆனாலும் மூன்றோடு மூச்சு முடிகிறது.

வெவ்வேறு சொற்கள் சேர்ந்த இணைகளை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ப் பள்ளிகளில் ‘இணைமொழி’ என்று தனியாகவே கற்றுத்தருகிறார்கள். நம் பள்ளிகளிலும் அதற்கு அவ்வளவு இடம் கொடுத்தால் மகிழ்வேன். ஆற அமர, முட்டி மோதி, அடித்துப் பிடித்து, தட்டுத் தடுமாறி. திருப்பிப் போட முடியாது: ‘அமர ஆற’ யோசிப்பவர் யாருமில்லை. ‘அடித்துப் பிடித்து’ பஸ் ஏறுகிறவர் யாரையும் அடிப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கூட்டத்தைக் காட்ட அதைவிடப் பொருத்தமான இணை கிடையாது.

கடைசியாக, பக்கத்தில் நிற்கும் அந்த ஒடியா இளைஞரையும் கேளுங்கள். ‘மெல்ல மெல்ல’ என்பதற்கு அவர் ‘தீரே தீரே’ என்பார். இந்தியிலும் வங்காளத்திலும் அதுவேதான். 1956-ல் மொழியியலாளர் எமனோ, இந்தியாவின் வெவ்வேறு மொழிக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து பல பழக்கங்களைப் பொதுவாக்கிக்கொண்டன என்று எழுதினார். ஒலிக்குறிப்புச் சொற்களைப் பற்றி 1969-ல் தனிக் கட்டுரையே எழுதினார். பிறகு அன்விதா அப்பி தெற்காசிய மொழிகளின் இரட்டிப்பை ஒரு நூலாகவே ஆராய்ந்தார் (1992). அவர்கள் ஏட்டில் காட்டியதை இந்தச் சாலையில் காதால் கேட்கலாம். சுமையை இறக்கும் இடத்தில் ‘தீரே தீரே இறக்குப்பா’ என்று ஒரு குரல் கேட்டால், இரட்டை வடக்கிலிருந்தும் வினை தமிழிலிருந்தும் வந்து பிசிறில்லாமல் பொருந்தியிருப்பதைக் கவனியுங்கள். இரு பக்கத்து மொழிகளும் வினையைக் கடைசியில் வைப்பவை, விதத்தை அதற்கு முன்னால் இரட்டித்துச் சொல்பவை. அதனால்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்று சிரமமில்லாமல் உட்கார முடிகிறது.