சாவு வீட்டு ஜெபம்: யாருக்கு ஆறுதல்?

சாவு வீட்டில் நம்ம சனங்கள் செய்யும் ஜெபத்தை ஒரு பிரதியாக எடுத்து வைத்து வாசித்த விமர்சனம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இலக்கியக்காரர்களுக்கு அது மதம். இறையியல்காரர்களுக்கு அது சடங்கு. தோழர்களுக்கு அது அபின். மூன்று பேருமே பந்தலுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்கள். உள்ளே பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்கள் என்ன சொல்லுகிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்லுகிறார்கள், அதைச் சொல்லவிடாமல் வாயை அடைப்பவர் யார்? இதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஆறுதல் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். சோறு ஆறுகிறது. புண் ஆறுகிறது. கோபமும் ஆறுகிறது. மூன்றுக்கும் நம் மொழியில் ஒரே வினைதான். புண் ஆறவேண்டும் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் ஆறுதல் சொல்ல வருகிறவர் எதை ஆற்ற வருகிறார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. புண்ணையா, கோபத்தையா? சேரியில் விழுகிற சாவுகளில் பாதி, சாவாக வருவதில்லை. வெட்டாக, தீயாக, விஷவாயுவாக வருகிறது. அந்தச் சாவுகளில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஜெபத்தைப் பற்றிப் பேசமுடியாது.

எங்கள் ஊர் தென்னிந்தியத் திருச்சபை. போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள் (அந்தப் பேரைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்). சாவு விழுந்த ராத்திரி முழுக்க ஒப்பாரிதான். அத்தை, மதினி, பக்கத்துத் தெருக் கிழவி எல்லாரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, செத்தவன் பேரைச் சொல்லி, அவன் பட்ட கடனைச் சொல்லி, அவனை ஏய்த்தவன் பேரையும் சொல்லி அழுவார்கள். விடிந்ததும் உபதேசியார் வருவார். 'நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி அழக்கூடாது' என்று ஒரு சத்தம் போடுவார். மாரடி நிற்கும். பறை, முன்னமேயே நின்றுபோன சங்கதி. அது பிசாசு மேளம் என்று மிஷன் காலத்திலேயே எங்கள் கைகளிலிருந்து வாங்கிவிட்டார்கள். பிறகு ஐயர் வருவார். ஒரு கீர்த்தனை, ஒரு வேதபாடம், ஒரு பிரசங்கம். பிரசங்கம் 'கர்த்தருடைய சித்தம்' என்பதில் தொடங்கி 'நாலு மணிக்கு அடக்கம்' என்பதில் முடியும்.

இந்த நிகழ்ச்சி நிரலைப் பிரதி என்று வைத்துக்கொண்டால், இதில் இரண்டு குரல்கள் இருக்கின்றன. ராத்திரிக் குரல், பகல் குரல். ராத்திரிக் குரலுக்கு எழுத்து கிடையாது. பகல் குரலுக்கு அச்சடித்த புத்தகம் இருக்கிறது.

அந்தப் புத்தகத்துக்கும் சாதி உண்டு. தமிழ்க் கீர்த்தனை மரபின் பெரிய பேர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). கர்நாடக இசையின் ராகதாளத்துக்குள் கிறிஸ்துவைக் கொண்டுவந்தவர். பாட்டுக்கட்டும் திறமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சபைக்குள் சாதி வேறுபாட்டை விடவேண்டும் என்று மிஷனரிகள் நெருக்கியபோது எதிர்த்து எழுதியவரும் அவர்தான். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சாதியை முழுசாக விட்டுவிடுங்கள் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் அதற்கு மடங்கவில்லை. நம்மோடு ஒரே பாயில் உட்கார மறுத்த மரபுதான் நம்ம வீட்டுப் பிணத்துக்கும் பாட்டெடுத்துக் கொடுக்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. அழுகிற தொண்டைக்கு அந்த ராகம் ஒத்துவருவதில்லை, அவ்வளவுதான்.

இனி வேதப்புத்தகத்துக்கே வருவோம். ஒப்பாரி கிறிஸ்தவத்துக்கு ஆகாது என்று உபதேசியார் சொல்லுகிறாரே, அவர் கையிலிருக்கிற புத்தகம் என்ன சொல்லுகிறது?

எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில், புலம்பல் பாடுகிற பெண்களைக் கூப்பிட்டு வரச் சொல்லுவது வேறு யாருமில்லை, தேவன்தான். அதோடு விடவில்லை, அந்தப் புலம்பலை உங்கள் மகள்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்கிறார். அது ஒரு கலை, தாயிடமிருந்து மகளுக்குப் போகிற கலை என்று தெரிந்துதான் சொல்லப்பட்டிருக்கிறது. புலம்பல் என்ற பேரிலேயே ஐந்து அதிகாரத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. எருசலேம் அழிந்ததைப் பற்றிய ஒப்பாரி. நகரத்தை விதவையாக உட்காரவைத்து அழவிடுகிறது. முதல் நாலு அதிகாரங்களும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துக்களை வரிசையாக வைத்துக் கட்டப்பட்டவை. அழுகைக்கு இலக்கணம் கிடையாது என்று யார் சொன்னது? அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் தேவன் ஒரு வார்த்தை பதில் பேசுவதில்லை. எண்பத்தெட்டாம் சங்கீதமும் அப்படித்தான், விடியாமலே இருட்டில் முடிந்துபோகும். இவற்றை வேதத்தில் சேர்த்தவர்களுக்கு, கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டிவைக்கத் தெரியாமலா போயிருக்கும்?

யோபுவின் மூன்று நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தார்கள், ஏழு ராத்திரி பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்ல மனுசன்கள்தான். வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. நீ என்னமோ தப்பு செய்திருக்கிறாய், அதனால்தான் இது வந்தது என்று ஆளாளுக்குப் பிரசங்கம் பண்ணினார்கள். கடைசியில் தேவன், இவர்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை, யோபுதான் பேசினான் என்று தீர்ப்புச் சொல்லுகிறார். சண்டை போட்டவன் ஜெபம் செல்லும், ஆறுதல் சொன்னவர்கள் வார்த்தை செல்லாது! எங்க பக்கத்துப் பிரசங்கிகளில் யாரும் சாவு வீட்டில் இந்த இடத்தை வாசித்து நான் கேட்டதில்லை.

எனக்கு எல்லாரையும்விட முக்கியமானவள் ரிஸ்பாள். சாமுவேலின் இரண்டாம் புத்தகம், இருபத்தொன்றாம் அதிகாரம். சவுலின் மறுமனையாட்டி. சவுல் செய்த குற்றத்துக்கு ஈடாக அவள் பெற்ற இரண்டு பேரையும் சேர்த்து ஏழு பேரைத் தாவீது பிடித்துக் கொடுக்கிறான்; மலையில் தூக்கிப்போடுகிறார்கள். அவள் இரட்டுத்துணியை எடுத்துப்போய்ப் பாறைமேல் விரித்து, வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய நாளிலிருந்து மழை விழுகிறவரைக்கும் அங்கேயே கிடக்கிறாள். பகலில் பறவையை அண்டவிடவில்லை. ராத்திரியில் காட்டுமிருகத்தை அண்டவிடவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. ஆனால் சேதி ராசாவுக்குப் போகிறது; ராசா எலும்புகளைச் சேர்த்து அடக்கம் பண்ணவேண்டியதாகிறது.

இதை வாசிக்கிறபோதெல்லாம் அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. வழக்குப் பதியாமல் உடலை வாங்கமாட்டோம் என்று தரையில் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களை நாம் எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். 2016இல் எங்க சின்னம்மா அப்படி உட்கார்ந்தாள். சித்தப்பா ஒரு லாட்ஜின் மலக்குழியில் இறங்கிச் செத்துப்போனார். மனிதக் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013லேயே வந்தாயிற்று. செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று (2023இல் அது முப்பது லட்சமானது). லாட்ஜ்காரன் ஆள்விட்டு இரண்டு லட்சம் பேசினான். எங்க ஐயரும் வந்தார். தலையில் கைவைத்து நல்லாத்தான் ஜெபம் பண்ணினார். கண்ணைத் திறந்ததும், 'சரீரத்தை வாங்கி அடக்கம் பண்ணும்மா, கிறிஸ்தவப் பிள்ளைக்கு வழக்கு வேண்டாம், சமாதானமாப் போ' என்றார்.

சின்னம்மா எழுந்திருக்கவில்லை. இரண்டு ராத்திரி. கூட ஏழெட்டுப் பெண்கள். பாட்டுப்புத்தகம் ஒன்றும் இல்லை. அவள் ஜெபம் எனக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கிறது: 'ஏசப்பா, நீயும் குழியில கெடந்த, எம்புருசனும் குழியில கெடந்தான். ஒங்குழிக்குக் கல்லப் பொரட்ட தூதன் வந்தான். எம்புருசங் குழிக்கு மூடியத் தெறக்க ஒரு பயலும் வரலியே. நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? பாத்தவஞ் சாட்சி சொல்லணுமில்ல? எறங்கி வாய்யா, வந்து ஸ்டேசன்ல சொல்லு.'

இது ஒப்பாரியா, ஜெபமா? இரண்டும்தான். தேவனிடம் மன்றாடுகிற குரலும் தேவனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிற குரலும் ஒரே மூச்சில் வருகின்றன. அந்த இரண்டு ராத்திரியும் அவளை எழுந்து போகாமல் உட்காரவைத்தது அந்தப் பேச்சுதான் என்று உறுதியாகச் சொல்லுவேன். மூன்றாம் நாள் வழக்குப் பதிந்தார்கள். அதற்கப்புறம்தான் அவள் தண்ணி வாங்கிக் குடித்தாள்.

நம்ம எழுத்தில் இந்தக் குரல் எங்கே பதிவாகியிருக்கிறது? பாமாவின் 'கருக்கு' (1992) வந்தபோது அதில் சபையை விமர்சிக்கிற பக்கங்களைத்தான் அதிகம் பேசினோம். கன்னியர் மடத்தின் போலித்தனம், அடங்கிப் போ என்ற போதனை, இதெல்லாம். சரிதான். ஆனால் கல்லறைத் தகராறையொட்டிப் போலீஸ் ஊரைச் சூறையாடுகிற பகுதியில் ஒரு சாவு வருகிறது. ஆம்பளைகள் எல்லாம் ஓடி ஒளிந்திருக்கிற நேரத்தில் ஒரு சின்னப்பையன் செத்துப்போகிறான். ஒளிந்திருக்கிற தகப்பனுக்குச் சேலை கட்டி, பெண்களோடு பெண்ணாகக் கூட்டிவந்து பிள்ளை முகத்தைக் காட்டுகிறார்கள். அழுகிற பெண்கள் கூட்டம் அவனுக்கு மறைப்பாக நிற்கிறது. துக்கம் கொண்டாடுவது இங்கே பாதுகாப்பு வேலையாகவும் ஆகிவிடுகிறது. அந்தப் பக்கங்களில் பாமா ஒரு வார்த்தைகூட விளக்கம் எழுதவில்லை என்பதுதான் அதன் பலம். மடத்தைப் பற்றிய பக்கங்களில் அவர் நிறைய விளக்குகிறார். அங்கே எழுத்து கொஞ்சம் தளர்கிறது.

சபைக்குள்ளிருந்தே இதைச் செய்து பார்த்தவர் பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். கீர்த்தனையைத் தள்ளிவைத்துவிட்டு நாட்டுப்புற மெட்டில், பேச்சுத்தமிழில், பறையோடு வழிபாடு கட்டினார். 'ஒரே உலை' என்று, எல்லாரும் சேர்ந்து பொங்கித் தின்பதையே இறையியலாக்கினார். பாட்டை மக்கள் தங்கள் தேவைக்கு மாற்றிப் பாடட்டும் என்று விட்டது பெரிய காரியம். அச்சடித்த புத்தகத்தின் அதிகாரம் அந்த இடத்தில்தான் உடைகிறது. என் மனக்குறை ஒன்றுதான். அந்தப் பாட்டுகள் கருத்தரங்கிலும் கல்லூரி ஆலயத்திலும் கேட்ட அளவுக்கு எங்க ஊர்ச் சாவுப் பந்தலில் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பறையை ஒத்துக்கொள்கிற சபைகூட அடக்க ஆராதனைக்கு ஒத்துக்கொள்வதில்லை. சாவுக்குப் பறை அடித்த பழைய அடிமைத்தனம் திரும்பிவிடும் என்று நம்ம ஆட்களே பயப்படுகிறார்கள். நியாயமான பயம். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

பெந்தெகொஸ்தே கூட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே நம்ம பெண்கள் போவது சத்தம்போட்டு அழ இடம் கிடைப்பதால்தான். தரையில் விழுந்து அழலாம், கேட்பார் இல்லை. அழுதுமுடித்ததும், குடும்பத்தில் சாபம் இருக்கிறது என்று ஒரு காரணம் கையில் கொடுக்கப்படுகிறது. யோபுவின் நண்பர்கள் மைக்கோடு வந்த மாதிரிதான்.

அபின் என்று சொல்லும் தோழர்களுக்கு: கீழே இறக்கிவைக்க முடியாத வலியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் கூலிக்குப் போகிறவளுக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கூட்டம் போடுகிறோம் என்றார்கள். போடுங்கள். கூட்டம் முடிந்த ராத்திரிக்கு அவளுக்கு ஒரு மொழி வேண்டியிருக்கிறதே.

அந்த மொழிக்கும் அவள் விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. செத்தபிறகும் சாதி விடுவதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் எழுப்பினார்கள். விழுப்புரம் பக்கம் எறையூரில் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. சபைக்குள் இவள் தலித். சர்க்கார் கணக்கில் இவள் தலித் இல்லை. 1950ஆம் வருச ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துவுக்கு மட்டும் என்று வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவரை வெளியிலேயே நிறுத்தியிருக்கிறது. அதனால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிறிஸ்தவள் என்று சொன்னவளுக்குக் கைகொடுக்காது. மகனை வெட்டிக் கொன்றால்கூட, ஸ்டேஷனில் முதலில் அவள் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன வழக்கில் 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவர் தவறாமல் கோயிலுக்குப் போய் வழிபட்டதும் அங்கே அவருக்கு எதிரான காரணங்களில் ஒன்றாயிற்று.

அதனால்தான் சில வீடுகளில் அடக்க நோட்டீசில் சிலுவை போடுவதில்லை. ஐயரைப் பின்வாசல் வழியாகக் கூப்பிடுகிறார்கள். ஜெபத்தைப் போட்டோ எடுக்கவிடுவதில்லை. ராத்திரிக் குரல் எழுத்தில் ஏறாமல் போனதற்கு உபதேசியார் ஒரு காரணம் என்றால், இந்தப் பயம் இன்னொரு காரணம்.

உங்கள் ஊர்ச் சாவு வீடுகளில் நீங்கள் கேட்ட ஒப்பாரி ஜெபங்களை, அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே, திருத்தாமல் எழுதி அனுப்புங்கள். செத்தவர் பேர், ஊர் பேர், அழுதவள் பேர் எதையும் போடாதீர்கள்.