குலுக்கலுக்கு வராத பள்ளிகள்

டேவிஸ் குகன்ஹைமின் 'வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்' (2010) ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். கடைசிக் காட்சி இப்பவும் தொண்டையை அடைக்குது. ஐந்து பிள்ளைகள், பக்கத்தில் பெற்றோர். குலுக்கலில் ஒவ்வொரு எண்ணாக வாசிக்கிறார்கள். ஐந்தில் மூவருக்கு இடமில்லை.

அவர்கள் சேரத் துடித்தது அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளில். நடப்பது அரசுப் பணத்தில், கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளூர் கல்வி வாரியத்தின் நேரடி நிர்வாகத்துக்குள் வராது. ஆசிரியர் நியமனம், பள்ளி நேரம் பெரும்பாலும் பள்ளியின் முடிவு. இடங்களைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

சரி, அழுதாச்சு. இந்தக் காட்சி எதை நிரூபிக்கிறது? இடம் போதவில்லை என்பதை. பள்ளி நல்லதா என்பதை அல்ல.

படத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தானே அங்கே போகிறார்கள், தேறாமல் என்ன செய்வார்கள் என்பது வழக்கமான ஆட்சேபம். குலுக்கல் அதை அடைத்துவிடுகிறது: ஜெயித்தவர், தோற்றவர் இருவருமே விண்ணப்பித்த குடும்பங்கள். பாஸ்டனில் 2009-ல் அப்படி ஒப்பிட்டபோது, இடம் கிடைத்தவர்கள் தேர்வுகளில் தெளிவாக முன்னே இருந்தார்கள்.

ஆனா இங்கதான் சிக்கல். கூட்டம் மோதும் பள்ளியில்தான் குலுக்கல். இடம் காலியாகக் கிடக்கும் சார்ட்டர் பள்ளிக்குக் குலுக்கல் ஏது? குகன்ஹைமின் கேமரா அங்கே போகவில்லை. குலுக்கல் ஆய்வும் போக முடியாது.

கூட்டமில்லாத பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தது ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம். 2009-ல், 15 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும். கணிதத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட மேல். 37 சதவீதம் கீழ். மீதி 46-ல் பெரிய வித்தியாசமில்லை. ஐந்தில் ஒன்றுதான் அபாரம் என்று படமும் சொல்கிறது, போகிற போக்கில் ஒரே வரியில். கிரெடோவின் 2023 அறிக்கையில் சராசரி ஓரளவு ஏறியிருக்கிறது. பள்ளிக்குப் பள்ளி ஏற்றத்தாழ்வு மட்டும் போகவில்லை.

ஆக, வாசலில் 'சார்ட்டர்' என்ற பலகை இருப்பது ஒரு தாய்க்கு ஒன்றும் சொல்லாது. எந்தப் பள்ளி, என்ன சொல்லித் தருகிறார்கள் என்றுதான் அவள் கேட்க வேண்டும். சீட்டு விழாத பிள்ளையும் நாளைக்கு ஏதோ ஒரு பள்ளிக்குப் போய்த்தானே ஆகணும்? அந்தப் பள்ளியைத் தேற்றுவது எப்படி என்று படம் கேட்டிருந்தால், என் கண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.