ரெண்டு சாட்சி, ஒரு ரயில்

‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ பார்த்திருக்கிறீர்களா? 1957-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். சிட்னி லூமெட் இயக்கிய முதல் சினிமா. ரெஜினால்ட் ரோஸ் 1954-ல் டி.வி. நாடகமாக எழுதியது, அப்புறம் சினிமாவானது. இந்தியில்கூட பாசு சாட்டர்ஜி 1986-ல் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ என்று எடுத்தார்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக... அப்பாவைக் கத்தியால் குத்திக் கொன்றதாக 18 வயதுப் பையன் மீது கேஸ். பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, ஒரே குரலில் தீர்ப்பு சொல்ல வேண்டும். ‘குற்றவாளி’ என்றால் பையனுக்கு மரண தண்டனை. முதல் ஓட்டிலேயே பதினோரு பேர் ‘குற்றவாளி’ என்று கை தூக்கிவிடுகிறார்கள். ஹென்றி ஃபோண்டா மட்டும் தூக்கவில்லை. (மேற்கொண்டு முடிவையும் சொல்லப்போகிறேன். 1957 படத்துக்கு சஸ்பென்ஸ் காப்பாற்ற என்னால் ஆகாது, ஸாரி!)

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘ஒற்றை மனிதனின் துணிச்சல்’ என்று உருகிவிடுவார்கள். உருகட்டும். எனக்கு அதைவிட அதில் இருக்கிற கணக்குதான் பிடிக்கும். பி.காம். புத்தி!

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினோரு பேரும் வில்லன்கள் கிடையாது. ‘சேரிப் பசங்களே இப்படித்தான்’ என்று கத்துகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை வெறுப்பது சுலபம். மற்றவர்கள் நம்புவதெல்லாம் நீங்களும் நானும் தினமும் நம்புகிற விஷயங்கள். கண்ணால் பார்த்த பொம்பளை எதுக்குப் பொய் சொல்லணும்? வயசான மனுஷன் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு ஏன் புளுகப்போகிறார்? அன்று ராத்திரி சினிமாவுக்குப் போனேன் என்கிறவனுக்குப் படத்தின் பெயர்கூடவா மறந்துபோகும்? தனித்தனியாக எடுத்தால் எதுவும் முட்டாள்தனம் இல்லை.

இப்போது ரயிலுக்கு வாருங்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

கீழ் வீட்டுக் கிழவர் சொல்கிறார்: ‘உன்னைக் கொன்னுடுவேன்’ என்று பையன் கத்தியது கேட்டது, ஒரே செகண்டில் உடம்பு தரையில் விழுந்த சத்தமும் கேட்டது. எதிர்ப்பக்கத்துப் பெண் சொல்கிறாள்: நடுவே தூண்கள் மேல் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது, அதன் கடைசி இரண்டு பெட்டிகளின் ஜன்னல் வழியாகக் குத்துவதைப் பார்த்தேன்.

ஒருவர் காதால் கேட்டது, ஒருவர் கண்ணால் பார்த்தது. ரெண்டையும் கூட்டினால் கேஸ் இரும்பு மாதிரி ஆகிவிட்டது, இல்லையா?

ஃபோண்டா கூட்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். ரயில் ஓர் இடத்தைக் கடக்கப் பத்து செகண்ட் ஆகும். கடைசிப் பெட்டிகள் வழியாகக் கொலை தெரிந்தது என்றால், அதற்கு முன் பத்து செகண்டும் அந்த ரயில் கிழவரின் ஜன்னலை ஒட்டித் தடதடத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த இரைச்சலில் மாடிவீட்டுப் பையனின் குரலை எப்படி அடையாளம் கண்டார்? அவள் பார்த்தது நிஜமென்றால் இவர் கேட்டிருக்க முடியாது. இவர் கேட்டது நிஜமென்றால் அவள் பார்த்த ரயில் எங்கே?

பதினோரு பேரும் அந்த ரெண்டையும் சேர்த்தே நம்பிக்கொண்டிருந்தார்கள்! நம் தலைக்குள் ஒவ்வொரு நம்பிக்கைக்கும் தனித்தனி ரூம். பக்கத்து ரூமில் யார் என்று விசாரிக்கிற வழக்கம் இல்லை.

சினிமாப் பெயர் விஷயத்தையும் படம் அழகாக முடிக்கிறது. வியர்க்கவே வியர்க்காத பங்குத் தரகர் ஒருவர். இந்த வாரம் நீங்கள் பார்த்த படம் என்ன என்று ஃபோண்டா கேட்கக் கேட்க, பெயரில் ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொல்கிறார். நெற்றியில் வியர்வை!

இதுவரை சபாஷ். இனிமேல்தான் எனக்குச் சண்டை.

க்ளைமாக்ஸில் வயசான ஜூரி ஒருவர், அந்தப் பெண்ணின் மூக்கில் தழும்பு இருந்ததாகச் சொல்கிறார். அப்புறம் மளமளவென்று போகிறது. தழும்பு மூக்குக்கண்ணாடியால் வந்தது. அது தூரப் பார்வைக்கான கண்ணாடி. படுக்கையில் யாரும் கண்ணாடி போடுவதில்லை. எடுத்து மாட்ட நேரமும் இல்லை. ஆகவே அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

எண்ணிப் பாருங்கள், நாலு நம்பிக்கை. ஒவ்வொன்றும் 90 சதவிகிதம் சரி என்று தாராளமாகவே மார்க் போடுவோம். ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் பெருக்கினால், நாலும் சேர்ந்து சரியாக இருக்க வாய்ப்பு 66 சதவிகிதத்துக்கும் கீழே. கூட்டு வட்டி தலைகீழாக வேலை செய்கிற மாதிரி! முதல் பாதியில் எந்தப் பழக்கத்தைப் படம் தோலுரித்ததோ, அதே பழக்கம் இங்கே ஹீரோவின் கட்சிக்கு ஓட்டு சேர்க்கிறது.

‘சந்தேகம் வந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதானே?’ என்பீர்கள். சட்டப்படி ரொம்பச் சரி. 66 என்ன, அதற்குக் கீழே இருந்தாலும் ஒருவனைக் கொல்லாமல் விட அது போதும். ஃபோண்டாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. குற்றவாளியைக்கூட நாம் விடுவித்துக்கொண்டிருக்கலாம் என்று அவரே சொல்கிறார். ஆனால், படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் ‘பையன் கொன்றானா?’ என்று கேளுங்கள். ‘சேச்சே, அவன் அப்பாவி’ என்பார். எங்கே நிரூபித்தார்கள்? அதே மாதிரி இன்னொரு கத்தி கடையில் கிடைக்கிறது என்று ஃபோண்டா வாங்கி வந்து காட்டினார், அவ்வளவுதான். (ஜூரி இப்படிச் சொந்தமாகத் துப்பறியவே கூடாது என்பது வேறு கதை.) பையனின் கத்தி பாக்கெட் ஓட்டை வழியாக விழுந்து தொலைந்தது என்பதற்கு அவன் வாய்ச்சொல் தவிர எதுவும் இல்லை. வேறு கொலைகாரனும் இல்லை.

லூமெட்டுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். ‘அது கூலிங் கிளாஸாக இருக்கலாம், கிட்டப் படிக்கிற கண்ணாடியாக இருக்கலாம், உனக்கென்ன தெரியும்?’ என்று கேட்க ஒருவரை வைத்திருக்கிறார். நியாயமான கேள்வி. அதைக் கேட்பது யார்? லீ ஜே. காப். சொந்த மகன் மேல் இருக்கிற ஆத்திரத்தை இந்தப் பையன் மேல் கொட்டுகிறவர், படம் முழுக்கக் கத்தி நம் வெறுப்பைச் சம்பாதித்தவர். அதனால் கேள்வி நம் காதிலேயே விழுவதில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சப்டைட்டிலில் படித்துப் பாருங்கள்.