கரீமைக் கடந்து ராஜியிடம் நின்ற கோபம்

‘த ஃபமிலி மேன்’ இந்தித் தொடரின் இரண்டாம் பாகம் 2021 ஜூன் 4 ஆம் திகதி அமேசன் பிறைமில் வெளியானது. வெளிவருவதற்கு முன்பே, முன்னோட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் தமிழகத்தில் எதிர்ப்புக் கிளம்பிவிட்டது. வைகோ கண்டித்தார், சீமான் கண்டித்தார். தமிழக அமைச்சர் மனோ தங்கராஜ், தொடரைத் தடைசெய்யும்படி இந்திய அமைச்சர் பிரகாஷ் ஜவடேகருக்குக் கடிதமே எழுதினார். ஈழப் போராளிகளைப் பாகிஸ்தானிய உளவுத்துறையோடும் இஸ்லாமியப் பயங்கரவாதிகளோடும் முடிச்சுப்போட்டுக் காட்டுகிறார்கள் என்பதே பிரதான குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. நானும் அதை ஏற்றுக்கொள்பவன்தான். ஆனால் அந்தக் குற்றச்சாட்டு சொல்லப்பட்ட விதத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அதில் ஈழத்தமிழன் தவறாகச் சித்திரிக்கப்பட்டவன். அவனுக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்ட முஸ்லிமோ உள்ளபடியே இருப்பவன். ஒருவனுடைய சித்திரம் பொய், மற்றவனுடையது புகைப்படம். இந்த வேறுபாட்டை அன்றைக்குக் கோபப்பட்டவர்களில் எத்தனை பேர் உணர்ந்தார்கள்?

முதலாம் பாகம் வந்தது 2019 செப்டெம்பர் 20 இல். இலங்கையில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. மே மாதத்தில் குருணாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் பள்ளிவாசல்களும் கடைகளும் அடித்து நொறுக்கப்பட்ட காட்சிகள் கண்ணைவிட்டு மறையாத காலம். பயணப்பையோடு பஸ்ஸில் ஏறும் தொப்பி போட்ட மனிதரை எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்த காலம். அந்தக் காலத்தில்தான் எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு தொடங்கியது. கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்கும் ஒரு மச்சானின் கடவுச்சொல்லில் ஊரில் நாலு வீடு படம் பார்க்கும். (வெளிநாட்டுக் காசுக்கு அடுத்தபடியாக எங்கள் கிராமங்களுக்கு வந்துசேரும் உதவி இதுதான் போலும்.) கடவுச்சொல் இல்லாதவர்களுக்குப் பென்டிரைவ் இருந்தது.

“சேர், பாத்தியளோ? கடைசி மட்டும் ஆரெண்டு தெரியாமல் வைச்சிருக்கிறாங்கள்!” என்றார் கணித ஆசிரியர். நல்ல மனிதர். நோன்பு காலத்தில் எனக்கு முன்னால் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அந்த அறையில் முஸ்லிம் நான் ஒருவன்தான். அவருடைய வியப்பில் கள்ளம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அது என்னை யோசிக்கவைத்தது.

அவர் வியந்தது மூசா என்ற பாத்திரத்தை. நீரஜ் மாதவ் மிகத் திறமையாக நடித்திருக்கிறார். பிடிபட்ட மூவரில் மூசாதான் சாதுவானவன், வழிதவறிப்போன பொடியன், இரங்கத்தக்கவன். வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் அவன்மேல் அதிகாரிகளுக்கே பரிவு வருகிறது, நமக்கும் வருகிறது. பிறகு அவனே சூத்திரதாரி என்று தெரிகிறது. கதைக்கட்டு என்ற அளவில் கெட்டிக்காரத்தனமான திருப்பம். ஆனால் அந்தத் திருப்பம் பார்வையாளனுக்குச் சொல்லிக்கொடுப்பது என்ன? நீ இரங்கினாயே, அதுதான் உன் மடைமை என்பதை. அடுத்த முறை ஒரு மூசா கண்கலங்கினால் இரங்காதே என்பதை. இதைவிடக் கொடிய பாடத்தை ஒரு பொழுதுபோக்குத் தொடர் புகட்டமுடியாது என்றே நினைக்கிறேன்.

எனினும் ராஜ்-டிகே இரட்டையரைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது. அதே முதலாம் பாகத்தில்தான் கரீம் இருக்கிறான். மும்பாயில் கல்லூரி மாணவன். மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்கள் அடித்துக் கொல்லப்படுவதற்கு எதிர்ப்பாக, அரசியல்வாதியொருவரின் விருந்துக்குள் மாட்டிறைச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கத் திட்டமிடுகிறான். படிக்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு குறும்பு, ஒரு கோபம், அவ்வளவுதான். அதைப் பயங்கரவாதச் சதி என்று எண்ணி, கதாநாயகன் ஸ்ரீகாந்தின் ஆட்கள் அவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். தவறு என்று தெரிந்த பின்பும் அவன் பயங்கரவாதியாகவே பதிவாகிறான். மனோஜ் பாஜ்பாயின் முகத்தில் அந்தக் குற்றவுணர்வு படிந்து கிடப்பதைப் பார்க்கலாம். இந்திய வெகுசனப் படைப்பொன்றில், அரசின் துப்பாக்கி தவறான முஸ்லிமைச் சுட்டது என்று இத்தனை வெளிப்படையாகச் சொல்லப்படுவது அபூர்வம். தொடரின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது எனது துணிபு.

ஆசிரியர் அறையில் கரீமைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் சுடப்பட்டு, இறந்த பிறகு பயங்கரவாதியாகப் பெயர் சூட்டப்பட்ட பொடியன்களின் கதை யாழ்ப்பாணத்துக்குத் தெரியாத கதையா? ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கரீம் இருந்தானே. அவன் பெயர் கரீமாக இருந்ததால் அடையாளம் தெரியாமல் போயிற்று.

இரண்டாம் பாகத்தில் நிலைமை தலைகீழ். சமந்தா ஏற்ற ராஜி என்ற பாத்திரம் மூசாவைவிட அக்கறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. சென்னையில் ஆலைத் தொழிலாளி, மேலாளரின் தொந்தரவு, பஸ்ஸில் உரசும் ஆண்கள், பின்னால் இராணுவத்தினரால் சிதைக்கப்பட்ட ஒரு வாழ்வு. முகத்துக்குப் பூசிய கறுப்புச் சாயம் எரிச்சலூட்டுகிறது. கறுத்தால்தான் போராளி என்று யார் சொன்னது? பேச்சில் ஈழத்தமிழின் சாயல் வந்துவந்து போகிறது. ஆயினும் அமைதியாக இருக்கும்போது சமந்தா சாதிக்கிறார். இந்தித் தொடரொன்றில் தமிழர்கள் தமிழிலேயே பேசவிடப்பட்டதும் பாராட்டத்தக்கது. நான் ஆசிரிய கலாசாலையில் படித்தபோது விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: பாத்திரம் உயிருள்ளதா என்று அறியவேண்டுமானால், அது கதைக்குள் வருவதற்கு முதல்நாள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப்பாருங்கள். ராஜியிடம் கேட்டால் பதில் வரும்.

சல்மானிடம் கேட்டால் வராது. சல்மான் யார் என்று பலருக்கு ஞாபகம் இராது. கல்யாண் என்ற இந்துப் பெயரில் ஸ்ரீகாந்தின் மகள் திருதியோடு பழகி, காதலித்து, கடத்திச் செல்லும் இளைஞன். ‘லவ் ஜிஹாத்’ என்று வட இந்திய மேடைகளில் முழங்கப்படும் அவதூற்றைக் கதையாக எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவார்கள். அவனை அந்த வழிக்குக் கொண்டுவந்தது எது என்று தொடர் மினக்கெட்டுச் சொல்லவில்லை. நாம் கொதித்தெழுந்த அதே இரண்டாம் பாகத்தில்தான் அவனும் இருந்தான். கொதிப்பு அவன்வரை எட்டவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்கவைத்தது ராஜியும் சாஜித்தும் ஒன்றாகச் சேரும் அந்தக் கூட்டணிதான். ஈழப் போராளியும் பாகிஸ்தான் அனுப்பிய முஸ்லிம் ஆயுததாரியும் ஒரே வாகனத்தில், ஒரே இலக்கை நோக்கி. எதிர்த்தவர்கள் இதை அவதூறு என்றார்கள். நான் அதை அறியாமை என்பேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விரட்டப்பட்டார்கள். சோனகதெருவில் கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன. இந்த வரலாற்றின் ஒரு வரியைத் தெரிந்துகொண்ட எழுத்தாளன், ராஜியும் சாஜித்தும் முதன்முதலில் சந்திக்கும் காட்சியை இவ்வளவு இலகுவாக எழுதியிருக்கமாட்டான். மும்பாயிலிருந்து பார்க்கும்போது இரண்டு பேரும் ‘எதிரி’ என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுகிறார்கள். பெட்டிக்குள் யார் யாரைத் துரத்தினார்கள் என்பது அவர்களுக்கு வேண்டாத விபரம். எதிர்த்த தமிழ்த் தலைவர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருந்தால் அவர்களுடைய வாதம் பத்து மடங்கு பலம் பெற்றிருக்கும். ஆனால் அதற்கு 1990 ஐப் பேசவேண்டியிருக்கும்.

தடை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2013 ஜனவரியில் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ படத்தை முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தபோது தமிழக அரசு இரண்டு வாரத் தடை விதித்தது. சில வெட்டுகளுக்குப் பிறகு பெப்ரவரி 7 இல் படம் அங்கே வெளியானது. அன்று கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நின்று முஸ்லிம்களுக்குச் சகிப்புத்தன்மை போதித்தவர்கள் பலர். எட்டு ஆண்டுகள் கழித்துத் தங்களைப் பற்றி ஒரு தொடர் வந்தபோது அதே தமிழுலகத்திலிருந்து தடைக் குரல் எழுந்தது. எனக்கு இரண்டு தடையிலும் உடன்பாடில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட படத்தை எந்தக் கலெக்டரும் நிறுத்தவும் முடியாது. ஆனால் 2013 இல் முஸ்லிம்களின் மனத்தாங்கல் மதவெறியாகவும், 2021 இல் தமிழரின் மனத்தாங்கல் மானமாகவும் பெயர்பெற்றது எப்படி என்ற கேள்வி விமர்சகர்களுக்குரியது.

இரண்டே வாரத்தில், ஜூன் 18 அன்று, நெற்ஃபிளிக்ஸில் ‘ஜகமே தந்திரம்’ வந்தது. கார்த்திக் சுப்புராஜ் ஈழ அகதிகளுக்காகக் கண்ணீர் வடிக்கிறார்; நல்ல நோக்கம், மெலிந்த படம். மதுரை ரௌடி ஒருவர் லண்டனுக்குப் போய்த்தான் நம்மை இரட்சிக்கவேண்டியிருக்கிறது. அதற்கு முந்திய டிசம்பரில் வந்த தீபா மேத்தாவின் ‘ஃபன்னி போய்’ படத்தில், ஷியாம் செல்வதுரையின் நாவலில் வரும் கொழும்புத் தமிழ்க் குடும்பம் பேசிய தமிழைக் கேட்டு கனடாத் தமிழர்கள் கொதித்தார்கள். தமிழ் வசனங்களில் சிலவற்றை மீண்டும் குரல்பதிவு செய்யவேண்டி வந்தது. அந்தக் கொதிப்பும் நியாயமே. சொந்த மொழி தன் வாயிலிருந்தே கொச்சையாக வருவதைக் கேட்பது போன்ற அவமானம் வேறில்லை.

அதைச் சொல்லும்போது ஒரு பகிடி ஞாபகம் வருகிறது. தமிழ்ப் படங்களில் ‘பாய்’ ஒருவர் வந்தால் எப்படிப் பேசுவார்? ‘நம்பள்கி, நிம்பள்கி’ என்று தமிழைக் கடித்துத் துப்புவார். உம்மாவும் வாப்பாவும் தமிழைத் தவிர வேறொன்றும் பேசியறியாத வீட்டில் பிறந்து, தமிழையே பாடமாகவும் படிப்பிக்கிற நான், அந்தப் பாயை ஐம்பது வருடத்துப் படங்களில் பார்த்துவிட்டேன். மீள்குரல்பதிவு கேட்டு எவரும் கடிதம் எழுதியதாக எனக்குத் தெரியாது.

2025 நவம்பர் 21 இல் ‘த ஃபமிலி மேன்’ மூன்றாம் பாகமும் வந்துவிட்டது. இந்த முறை கதைக்களம் இந்தியாவின் வடகிழக்கு. “இந்த முறை ஒரு பிரச்சினையும் இல்லை சேர், நாகாலாந்துப் பக்கம்தான்” என்றார் அதே கணித ஆசிரியர், பென்டிரைவை மேசையில் வைத்தபடி. நான் இரண்டு அத்தியாயம் பார்த்திருக்கிறேன். மிச்சத்தையும் பார்த்துவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடி வாசிக்க எண்ணியிருக்கிறேன்.