பன்னிரு படிகளும் ஆலயத்தின் வாசற்படியும்

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குச் சந்தையில் தொழில் புரிந்த பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய தோழமை 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பதாகும். குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் பெயர் வெளியிடாமல் கூடி, தம் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டம் அது. அதன் மீட்பு நெறியான பன்னிரு படிகள் 1939இல் நூலாக வெளிவந்தன. மருத்துவரும் உளவியலாரும் அவற்றைப் பலவாறு ஆய்ந்துள்ளனர். நாம் அவற்றை ஓர் இறையியல் பனுவலாக வாசிக்க முயல்வோம். ஏனெனில், லுத்தரன் போதகராகிய ஃபிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு குழுவே இத்தோழமையின் தாய்மடி. எப்பிஸ்கோப்பல் குருவாகிய சாமுவேல் ஷூமேக்கரிடம் கற்றவற்றை வில்சனே நன்றியுடன் ஒப்புக்கொண்டுள்ளார். திருச்சபையில் பிறந்து, அதற்கு வெளியே வளர்ந்த பிள்ளை இது.

முதற்படி, குடியின்முன் தான் வலுவிழந்தவன் என்னும் அறிக்கை. நம் பிரசங்க பீடங்களோ பெரும்பாலும் 'விட்டுவிடு' என்னும் கட்டளையோடு நின்றுவிடுகின்றன. விரும்பும் நன்மையைச் செய்ய இயலாமையைப் பவுல் ரோமர் 7ஆம் அதிகாரத்தில் விளக்கியிருக்க, நாம் மனவுறுதியையே நற்செய்தியாக்கிவிடுகிறோம். ஐந்தாம் படி தன் தவறுகளைக் கடவுளிடமும் தன்னிடமும் மற்றொரு மனிதரிடமும் அறிக்கையிடச் சொல்கிறது. இது யாக்கோபு 5:16இன் நெறியே. எட்டாம், ஒன்பதாம் படிகள் தீங்கிழைக்கப்பட்டோருக்கு ஈடுசெய்யக் கோருகின்றன. சகேயுவின் மனந்திரும்புதல் இத்தகையதே. அதே 1939இல் வெளிவந்த தம் நூலில் போன்ஹாஃபர், பக்தர்களாகக் கூடுவோர் பாவிகளாகக் கூட இயலாமற் போவதையே சபையின் பெருந்தனிமையாகக் கண்டார். இரு நூல்களும் ஒரே புண்ணைத் தொடுகின்றன.

இப்புண் நம் பகுதிகளில் எவ்வாறு மறைக்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு விருந்தினருக்குரியது. குடும்பத்தின் அன்றாட வாழ்வோ வளவிலும் இரண்டாங்கட்டிலும் நிகழ்வது. நம் சபைகளும் முகப்பிலேயே வழிபடுகின்றன. காரைக்குடி போன்ற ஊரில், ஒருவர் எத்தெருவில் நுழைந்து எவ்வாசலில் நின்றார் என்பது மாலைக்குள் உறவினருக்குத் தெரிந்துவிடும். மதுக்கடை வாசலில் நிற்க நாணாதவரும் மீட்புக் கூட்டத்தின் வாசலில் நிற்க நாணுவர். முன்னது பழக்கம் எனப்படும். பின்னது நோயின் அறிக்கையாகிவிடும். எனவே பெயர் வெளியிடாமை கோழைத்தனமன்று. வாசலைக் கடப்பதற்கு அது தேவையான நிழல்.

இனி, குறைகளையும் கூறவேண்டும். முதலாவது, கடவுளை அவரவர் உணர்ந்தவாறு கொள்ளலாம் என்னும் மூன்றாம் படி. சிலுவையின் கடவுளை இது பெயரற்ற ஆற்றலாகக் கரைத்துவிடுகிறது என்பது நியாயமான மறுப்பு. எனினும், பல சமயத்தார் ஒரே வட்டத்தில் அமர இடமளிப்பதும் இதுவே. இவ்விடத்தைப் பறிப்பது நம் பணியன்று. நாம் அறிந்தவரை நம் வாழ்வால் அறிவிப்பதே பணி. இரண்டாவது, அந்நூலில் மனைவியருக்கென அமைந்த அதிகாரம் மனைவியரின் குரலில் பேசினாலும் அதை எழுதியவர் வில்சனே. பொறுமை காக்கும்படி பெண்ணுக்குக் கூறும் அக்குரல், அடியும் பசியும் அறிந்த நம் இல்லங்களுக்குப் போதாது. குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951இல் தோன்றியதன் தேவை இதனால் விளங்கும். மூன்றாவது, வெளி விவகாரங்களில் கருத்துரைப்பதில்லை என்பது அத்தோழமையின் மரபு. அதற்கு அது தகும், நமக்குத் தகாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய தமிழகம், 1971இல் அதைத் தளர்த்தியது. 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தை அமைத்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அதனிடமே ஒப்படைத்தது. அரசின் வருவாயும் கூலியாளின் குடலும் இவ்வாறு பிணைக்கப்பட்டிருக்க, தனிமனிதனின் மனந்திரும்புதலை மட்டும் பேசுவது தீர்க்கதரிசியின் பணியில் பாதியே.

ஆயர் செய்யத்தக்கவை எளியவை. நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உயிருக்கே ஆபத்தும் நேரலாம். ஆகவே, முதலில் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். அடுத்து, கூட்டம் நடைபெறும் இடத்தையும் நாளையும் ஆயரே விசாரித்து அறிந்திருக்கவேண்டும். தேடி அலையும் சுமையை நோயாளியின்மேல் சுமத்தலாகாது. அனைவருக்குமான திறந்த கூட்டமொன்றில் தாமே சென்று, பின்வரிசையில் வாய்மூடி அமர்ந்து கேட்பது நன்று. சபை மண்டபத்தை அளிப்பின் சிறு வாடகை பெறுவதே முறை. தன் செலவைத் தானே தாங்குவது அவர்களின் மரபு. அதற்கு ஈடாகப் பிரசங்க நேரம் கேட்கலாகாது. திருவிருந்தில் புளித்த திராட்சரசம் வழங்கும் சபைகள், மீண்டு வருபவரின்பொருட்டு அவ்வழக்கத்தை மறுபடியும் சிந்திக்கட்டும்.

தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில், பன்னிரு படிகளுக்கு ஆளைக் கொண்டுசேர்க்கும் முறைசார்ந்த சிகிச்சை ஏனைய உளச்சிகிச்சைகளைவிடப் பயனுடையது என 2020ஆம் ஆண்டின் காக்ரேன் ஆய்வு கண்டது. ஆயினும் நம் வாதம் பயனைமட்டும் சார்ந்ததன்று. அக்கூட்டத்தில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். நம் ஆலயத்தின் வாசற்படி அதைவிட உயரமாயிருப்பின், அது யார் கட்டிய படி என்று நாம் கேட்டாகவேண்டும்.